பதுவைப் பட்டணத்தில் வெறுங்காலோடு

பதுவை என்று ஓர் ஊர் நிஜமாகவே இருக்கிறது!

யாங்கோனில் செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோணியார் கோயிலுக்கு வரும் எங்களில் பாதிப் பேருக்கு இது நம்ப முடியாத செய்தி. எங்களுக்குப் பதுவை ஊர் இல்லை, ஜெபத்தில் வரும் சொல். மெழுகு உருகும் வாசனையில் "பதுவை அந்தோணியாரே" என்று கூட்டம் இழுத்துச் சொல்லும்போது நெஞ்சுக்குள் எங்கோ ஒரு மணி அடிக்கும், அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்கு ரயில் நிலையம் உண்டு, அதன் பெயர்ப் பலகை மழையில் நனையும், பலகைக்குக் கீழே ஒரு போலீஸ்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்பார் என்று யார் கண்டது? ரயிலை விட்டு இறங்கி அந்தப் பலகையைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என்ன ஏது என்று தெரியாமலே போலீஸ்காரரும் சிரித்தார்.

என்னை அழைத்தவள் என் தங்கை ஜெசிந்தா. இத்தாலியில், இந்தப் பதுவையில், முதியோர் இல்லம் ஒன்றில் கன்னியாஸ்திரி. அவள் துறவு பூண்டதன் வெள்ளி விழாவுக்கு வீட்டிலிருந்து ஒருவர் வரவேண்டும் என்றாள். அச்சகத்தில் அடுத்தவர் பிழையைத் திருத்தித் திருத்தி அலுத்துப் போயிருந்த நான் ஒற்றைக் காலில் நின்று கிளம்பினேன். பர்மாவைப் புரட்டிப்போட்ட பெரும்புயலுக்கு அடுத்த வருஷம், நவம்பர் மாதம்.

என் பெட்டியில் தின்பதற்கு ஊறவைத்த தேயிலைப் பொட்டலம், உலர்ந்த இறாலைக் காரமாக வறுத்த பலாச்சாங் ஒரு புட்டி. என் காலில் மைத்துனனின் ஷூ. என் சட்டைப் பையில் ஒரு குழந்தை.

குழந்தைக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி கின் தானின் அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரர். அவளுக்கு மதம் பௌத்தம், பேச்சு பர்மீஸ், சண்டைக்கு மட்டும் தமிழ். யாங்கோனின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு மேசையும் டெலிபோனும் போட்டுத் தெருவுக்கே பேச்சு விற்பவள். செவ்வாய்க்கிழமை மெழுகுவர்த்தியை ஒருநாளும் விட்டதில்லை. எங்கள் வீட்டு அலமாரியில் மரத்தில் செய்த அந்தோணியார் உண்டு. மிஷன் பள்ளியில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பாவுக்கு, ஊர் திரும்பிய ஒரு இத்தாலியப் பாதிரியார் கொடுத்துவிட்டுப் போனது. அந்தோணியாரின் கையில் இருக்கும் குழந்தை இயேசுவைத் தனியே கழற்றலாம். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது தொலைந்தால் குழந்தையைக் கழற்றி, துணியில் சுற்றி, அரிசிப் பானையில் வைத்துவிடுவார்கள். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடு, உன் பிள்ளையை வாங்கிக்கொள். சாவி, மூக்குத்தி, ஓடிப்போன வாத்து எல்லாம் இப்படித் திரும்பி வந்திருக்கின்றன.

இந்த முறை தொலைந்தது அவள் தம்பி. ஜோ வின், வீட்டில் குமார். சரக்குக் கப்பலில் சமையல்காரன். ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கியவன் திரும்பி ஏறவில்லை என்று கப்பல்காரர்கள் சொன்னார்கள். அதன் பிறகு போனும் இல்லை, தகவலும் இல்லை. தெருவில் எல்லாருடைய மகனும் புருஷனும் பேசும் போன், அவளுக்காக மட்டும் அடிக்கவில்லை. குழந்தை இரண்டு மழைக்காலமாக அரிசிக்குள்ளேயே கிடந்தது.

விமான நிலையத்தில் அதை என் பையில் திணித்துக்கொண்டே பர்மீஸில் சொன்னாள்: "கோ சவரி, அவரோட சொந்த ஊருக்கே கொண்டு போங்க. கண்ணுக்கு நேரா காட்டுங்க. இது விளையாட்டு இல்லன்னு சொல்லுங்க. ஆனா குடுத்துடாதீங்க. காட்டணும், அவ்வளவுதான்." பிறகு குனிந்து என் ஷூவைப் பார்த்தாள். வீட்டில் இருந்த ஒரே ஷூ அது, குமார் விட்டுப்போனது. இடது காலுக்கு லேஸ் அறுந்து, கப்பலின் பச்சைக் கயிறு கோத்திருந்தான். "பத்திரம். அவன் வந்தா கேப்பான்" என்றாள். அதைத் தமிழில் சொன்னாள். எனக்குப் பயமாகிவிட்டது.

ஸ்டேஷன் வாசலில் தங்கை நின்றாள். சாம்பல் அங்கி, ஆண்பிள்ளை மப்ளர்.

"அண்ணே, கழுத்தை மூடு. இது இன்சீன் பனி இல்ல. ஆமா, சட்டப் பையில என்னா, புடைச்சிக்கிட்டு?"

எடுத்துக் காட்டினேன். சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அடப்பாவி! அண்ணி இன்னும் திருப்பிக் குடுக்கலியா? அவரு கை எத்தினி நாளா வெறுங்கையா இருக்கு? புனிதர்கிட்டயே பேரமா?"

"பேரம் இல்ல பாப்பா. பிணை."

"ரெண்டு பேரும் நேரா நரகந்தான்" என்றவள், என் வயிற்றைப் பார்த்து, "சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்றாள்.

சாப்பிட்டோம்! இந்த ஊர்க்காரர்களுக்குப் பிகோலி என்று ஒரு சாப்பாடு. விரல் தடிமனுக்கு நீண்ட நூடுல்ஸ், அதன்மேல் வாத்துக்கறிக் குழம்பு. முதல் வாயிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது எங்கள் பர்மா நூடுல்ஸான நான்ஜி தோவின் அண்ணன். வறுத்த கடலை மாவும் எலுமிச்சையும் இல்லாத குறைதான். பலாச்சாங் புட்டியைத் திறந்து ஒரு கரண்டி போட்டுப் பிசைந்தேன். பரிமாறிய அம்மாள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு வந்து, ஒரு துளி தொட்டு நக்கி, உள்ளே போய்ச் சமையல்காரரைக் கூட்டி வந்தார். அவர் நக்கினார். பிறகு இருவரும் எதையோ பலமாக விவாதித்தார்கள். "செத்த மீனுக்கு இவ்வளவு உயிரான்னு கேக்குறாரு" என்று தங்கை மொழிபெயர்த்தாள்.

மறுநாள் காலை ஊர் முழுக்க மூடுபனி. தூண்கள் மட்டும் வரிசையாக வெளியே வந்தன, பிறகு தூண்களுக்கு மேல் வீடுகள். பதுவையில் நடைபாதைகளுக்கெல்லாம் கூரை உண்டு. வளைவு வளைவாக, தெரு தெருவாக, மழையில் நனையாமல் ஊரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்விடலாம். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் லோஞ்சியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் எனக்குப் பொறாமையில் காது சூடானது. எங்களூருக்கு அல்லவா இதைக் கட்டியிருக்கவேண்டும்!

ஒரு தெருமுனையில் தங்கை நின்றாள். நாலு தூண், மேலே கூரை, நடுவில் உயரத்தில் ஒரு கல்பெட்டி. சுற்றிலும் சைக்கிள்கள் சாய்ந்து கிடந்தன.

"இவருதான் இந்த ஊர உண்டாக்கினவரு. ஆந்தெனோர். ட்ராய் பட்டணம் எரிஞ்சப்ப தப்பிச்சி, கப்பல்ல அலைஞ்சி, இங்க வந்து எறங்கினாராம்."

"உள்ள இருக்காரா?"

"உள்ள இருந்த எலும்பு அவ்வளவு பழசு இல்லன்னு படிச்சவங்க சொல்றாங்க. ஊர்க்காரங்க காதுலயே வாங்கல."

கல்லை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். ரோமுக்கும் மூத்தவர்கள் நாங்கள் என்று மார் தட்டும் இந்த ஊரின் முதல் ஆள், வீடு எரிந்து, கரை தெரியாமல், ஏதோ ஒரு துறையில் இறங்கியவன். பையில் இருந்த குழந்தையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்தது நீதி மண்டபம். பழங்காலத்தில் வழக்குக் கேட்ட இடம். உள்ளே போனதும் தலைக்கு மேல் ஒரு கப்பல் கவிழ்ந்து கிடந்தது! உத்தரம் இல்லை, நடுத்தூண் இல்லை. அவ்வளவு பெரிய மரக்கூரை, கவிழ்த்த ஓடத்தின் வயிறு மாதிரி. சுவர் முழுக்க ராசிகளும் மாதங்களும் ஓவியமாக. மண்டபத்தின் ஒரு கோடியில் வீடு உயரத்துக்கு ஒரு மரக்குதிரை.

"பாப்பா, ட்ராயிலேருந்து ஓடி வந்தவன் ஊருல மரக்குதிரையா? பயமா இருக்காது?"

அவள் சிரித்த சிரிப்பு கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. பக்கத்தில் நின்ற கிழவர், "சிஸ்டர், என்ன சொன்னார்?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கிட்டே வந்து என் தோளைத் தட்டினார். "வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டோம், காலிதான்" என்றாராம்.

மண்டபத்துக்குக் கீழே சந்தை. நூற்றாண்டுக் கணக்காக இங்கேயேதான் சந்தை. மேலே நீதி, கீழே கீரை! பாலாடைக்கட்டி, காளான், மாதுளை, கூவல், வசவு, சிரிப்பு. கண்ணை மூடிக்கொண்டால் எங்கள் யாங்கோன் தெய்ங்ஜி சந்தைதான். ஒரு கடையில் சிவப்பு நார் நாராக ஏதோ தொங்கியது. ருசி பார்க்கக் கொடுத்தார், தின்றேன், நன்றாக இருந்தது. என்ன என்று கேட்டேன். "குதிரை" என்றாள் தங்கை. மேலே பார்த்தேன். மன்னிப்புக் கேட்கிற தூரத்தில்தான் அந்த மரக்குதிரை நின்றது.

ரோமானியர் காலத்து விளையாட்டரங்கின் இடிந்த சுவருக்குள் ஒரு சிறு கோயில். வட்டித் தொழில் செய்தவரின் மகன், அப்பாவின் பாவம் தீரக் கட்டியதாம். வட்டிக் காசு கோபுரமாவதை யாங்கோன்காரன் எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் இந்த நீலத்தைச் சொல்லித் தரவேண்டும். உள்ளே கூரை முழுக்க நீலம், அதில் பொன் நட்சத்திரங்கள். மார்கழி வானத்தைக் கழுவி, பிழிந்து, உலர்த்திக் கூரையில் ஒட்டியதுபோல. மூச்சுக் காற்றில் நிறம் கெடும் என்று கொஞ்ச நேரத்திலேயே வெளியே அனுப்பிவிடுகிறார்கள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். அந்த நீலத்துக்கு அதுதான் மரியாதை என்று பட்டது.

கடைசியாக அந்தோணியார் கோயில். தூரத்தில் பனிக்குள் குவிமாடங்கள் கூட்டமாக எழுந்தபோது, பகோடாக்கள் என்றே நினைத்தேன். தங்கை மெழுகுவர்த்தி வாங்கப் போனாள். நான் வாசலுக்கு வந்தேன், எங்களூர்க்காரன் எவனும் செய்வதைச் செய்தேன். ஷூவைக் கழற்றினேன். பகோடாவானாலும் மாதா கோயிலானாலும் செருப்போடு நுழைவது எனக்கு வராது. வாசல் ஓரத்தில் சில பைகளும் ஒரு ஜோடிக் குழந்தைச் செருப்பும் இருந்தன. அதுதான் செருப்பு விடும் இடம் என்று, ஷூவைத் துடைத்து, பச்சைக் கயிற்றை உள்ளே மடித்து, வெகு ஒழுங்காக அடுக்கி வைத்தேன்.

கல்தரை உள்ளங்காலில் பனிக்கட்டியாய்க் குத்தியது. அது கூட ஆனந்தமாக இருந்தது. கண்ணாடிப் பேழைக்குள் அவர் நாக்கு. உடம்பெல்லாம் மண்ணான பிறகும் பேசிய நாக்கு மட்டும் அழியவில்லை என்று, கல்லறையைத் திறந்த அன்றைக்கே எடுத்து வைத்தார்களாம். சொல்லை நம்பிப் பிழைக்கிறவன் நான், அதன் முன்னே வெகுநேரம் நின்றேன். பிறகு கல்லறை. பின்பக்கம் வழவழப்பான பச்சைக் கல். வருகிறவர்கள் அதில் உள்ளங்கையைப் பதித்து, நெற்றியைச் சாய்த்து நிற்கிறார்கள். ஓரமெல்லாம் போட்டோக்கள். மாலுமித் தொப்பி போட்டவன், மோட்டார் சைக்கிளில் ஒருவன், பல் விழுந்த பெண்குழந்தை. நான் ஒரு கையைக் கல்லில் வைத்தேன், மறு கையில் குழந்தையை உயர்த்திப் பிடித்தேன். மனைவி சொன்னதைச் சொன்னபடி பர்மீஸில் சொன்னேன். "இது விளையாட்டு இல்லை." பக்கத்தில் நின்ற அம்மாள் மரக்குழந்தையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன புரிந்ததோ.

மெழுகுவர்த்தியோடு வந்த தங்கை காதோரமாகச் சொன்னாள்: "அண்ணே, இவரு லிஸ்பன்ல பொறந்தவரு, தெரியுமா? ஊருக்குத் திரும்புற கப்பல் புயல்ல சிக்கி, சிசிலியில ஒதுங்கி, அப்படியே வழி மாறி வந்து சேர்ந்தாரு. கடைசி வரைக்கும் ஊருக்குப் போகவே இல்ல."

இவருமா! இந்த ஊரின் பெரிய ஆட்கள் இருவருமே கடல் கொண்டுவந்து தள்ளியவர்கள்! எனக்கு ஓடிப்போய் எங்கள் வாசல் மேசைப் போனுக்கு அடித்து மனைவியிடம் சொல்லவேண்டும் போலிருந்தது. துள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

ஷூ இல்லை.

பைகளும் இல்லை. குழந்தைச் செருப்பும் இல்லை. தங்கை ஓடி ஓடி விசாரித்தாள். அங்கே ஒழுங்காகத் துடைத்து வைக்கும் பொருளெல்லாம் ஏழைகளுக்கென்று ஊர்க்காரர்கள் வைத்துவிட்டுப் போகும் காணிக்கையாம். உள்ளே எடுத்துப்போய், அப்போதே யாருக்கோ கொடுத்தும் விட்டார்கள். பொறுப்பாளர் பெருமையோடு சொன்னாராம்: "நல்ல ஷூ. காணிக்கை தந்தவருக்கு ஆசீர்வாதம்."

"தொலைஞ்சதக் கண்டுபிடிக்கிறவரு வீட்டு வாசல்ல போய்த் தொலைச்சியே அண்ணே!" தங்கைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "உள்ள போய் வேண்டிக்க."

"மாட்டேன். ஒரு வேண்டுதல்தான் கொண்டு வந்தேன். அத ஷூவுக்குச் செலவழிக்க மாட்டேன்."

விறைப்பாகத்தான் சொன்னேன். ஆனால் விருந்தினர் அறையில் கால்களைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தபோது பயம் வந்தது. குமார் விட்டுப்போனதில் மிச்சம் அந்த ஷூதான். அதையும் தொலைத்துவிட்டு, குழந்தையையும் காட்டிவிட்டேன் என்று எந்த முகத்தோடு போய் நிற்பேன்? கின் தான் அழமாட்டாள். தமிழில் பேசுவாள்.

மூன்றாம் நாள், முதியோர் இல்லத்துத் தாத்தா ஒருவரின் கம்பளிச் செருப்பில் ட்ராம் ஏறினேன். இந்த ட்ராம் ரப்பர் சக்கரத்தில், ஒற்றைத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் வழுக்குகிறது. ஏழைகளுக்குச் சாப்பாடு போடும் இடத்தில் போய் விசாரிப்பதாகத் திட்டம். கதகதப்பாக இருந்தது, கண் அசந்தது. நிறுத்தம் தாண்டினால் என்ன, சுற்றி வரும்போது இறங்கிக்கொள்வோம் என்று நிம்மதியாகத் தூங்கினேன். எங்கள் வட்ட ரயிலில் எந்தப் பக்கம் ஏறினாலும், எவ்வளவு தூங்கினாலும், இன்சீனைச் சுற்றி நம் ஸ்டேஷனுக்கே கொண்டுவந்து விட்டுவிடும். பதுவை ட்ராம் அப்படியில்லை. அது நேராகப் போனது, நின்றது, விளக்கை அணைத்தது.

ஓட்டுநர் வந்து தோளைத் தட்டினார். வெளியே பனியும் வயலும். என்னோடு இறங்கிய ஒரே ஆள் கையில் குடைக்கட்டோடு முன்னால் நடந்தான். பயந்துபோய்த் தரையைப் பார்த்தபடி பின்னால் போன நான் சட்டென்று நின்றேன். அவன் காலில் பச்சைக் கயிறு!

"பாய்! பாய்!" என்று கத்தினேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தி.

அவன் ஓடத் தயாரானான். என் கம்பளிச் செருப்பைப் பார்த்ததும் நின்றான். சிட்டகாங் பக்கத்துப் பையன், பெயர் ரஃபீக். மழை பெய்தால் குடை விற்கிறவன், பெய்யாவிட்டால் பட்டினி. நான் ஷூவைக் காட்டி, என்னைக் காட்டி, கோயிலைக் காட்டும் விதமாகக் கையைக் கூப்பினேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. மளமளவென்று பாதையோரத்தில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.

"எடுத்துக்குங்க. அங்க குடுத்தாங்க, என்ன மதம்னு கூடக் கேக்கல. ரப்பர் செருப்புல வெரல் மரத்துப் போச்சு, அதான் வாங்கினேன்."

"யாங்கோன்லேருந்து வர்றேன்" என்றேன்.

"ரங்கூனா! எங்க தாத்தா ரங்கூன் படகுத் துறையில இருந்தாரு!" அவன் முகம் முழுக்கப் பல். அவிழ்த்த ஷூவை மடியில் வைத்துக்கொண்டே சிரித்தான்.

எனக்குக் கையை நீட்டத் தோன்றவில்லை. வேறொன்று கேட்டேன். "வீட்டுக்குப் போன் பண்றியா?"

சிரிப்பு நின்றது. குடைக்கட்டைத் தடவினான். "வேலை கிடைச்சதும் பண்ணலாம்னு இருக்கேன். இப்போ என்ன சொல்றது? குடை விக்கிறேன்னா? அக்கா நகைய வித்து அனுப்பிச்சா."

"அக்காவா?"

"அக்காதான். செத்துட்டேன்னு நெனச்சிருப்பா."

பனிக்குள் எங்கோ ஒரு நாய் குரைத்தது. எனக்கு வாசல் மேசை கண்ணில் வந்தது, அதன் பின்னால் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒருத்தி.

"ஷூவப் போட்டுக்க" என்றேன். "உனக்குத்தான். ஆனா ஒரு நிபந்தனை. இப்பவே என்னோட வந்து அக்காவுக்குப் போன் பண்ணணும். பண்ணலன்னா கழட்டு."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பைத்தியம் என்று முடிவு கட்டியிருக்கவேண்டும். கயிற்றைக் கட்டிக்கொண்டான்.

அடுத்த ட்ராமில் ஊருக்குள் திரும்பினோம். ஸ்டேஷன் பக்கத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கான போன் கடை. கண்ணாடிக் கூண்டுக்குள் அவன், வெளியே கம்பளிச் செருப்பில் நான். எண்ணை அழுத்தினான், வைத்தான். மறுபடி அழுத்தினான். "ஆபா" என்றான். அக்காவுக்கு அவர்கள் சொல். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் அலறல் கண்ணாடியைத் தாண்டி வெளியே வந்தது. கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ரஃபீக் நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்து, ஒரு உள்ளங்கையை அதில் பதித்து நின்றான், நேற்றுப் பச்சைக் கல்லில் நாங்கள் நின்ற அதே நிலையில்.

அவன் வெளியே வந்ததும் கேட்டேன். "என்ன சொன்னா?"

"சாப்பிட்டியான்னு கேட்டா" என்றான்.

வெள்ளி விழா ஜோராக நடந்தது. பலாச்சாங் தீர்ந்துபோனது. தங்கை வாங்கித் தந்த புது ஷூவில் யாங்கோன் வந்து இறங்கினேன்.

கின் தான் முதலில் என் காலைப் பார்த்தாள். நான் அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஆந்தெனோர், மரக்குதிரை, நாக்கு, பச்சைக் கல், ட்ராம், ரஃபீக். லிஸ்பனிலிருந்து வந்தவர் ஊர் திரும்பவே இல்லை என்றபோது மட்டும் கேட்டாள்: "அப்போ அவரோட வீட்டுக்கு யார் போய்ச் சொன்னது?"

நான் குனிந்து புது ஷூவைக் கழற்றி வாசலில் வைத்தேன்.

"அந்தப் பையன் ஷூ போட்டுக்கிட்டு நல்லா நடந்தானா?"

"நல்லா நடந்தான்."

கையை நீட்டினாள். குழந்தையைக் கொடுத்தேன். முந்தானையில் துடைத்தாள், அலமாரிக்குப் போனாள், அந்தோணியாரின் கையில் அதைப் பொருத்தி, ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் தமிழில் சொன்னாள், ஆனால் சண்டைக் குரலில் இல்லை: "எதுக்குப் பாக்குறீங்க? யாரோ ஒரு அக்காவுக்குத் தம்பியக் குடுத்திருக்காரு. அவரு புள்ளைய நாம வச்சிக்கிறது நல்லா இருக்காது."

பிறகு அவரைக் குழந்தையோடு தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, டெலிபோன் மேசையில் வைத்தாள். முகம் போனைப் பார்க்கும்படி திருப்பினாள். சரியாக இல்லை என்று இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

அப்போது போன் அடித்தது. இரண்டு பேரும் அந்தோணியாரைப் பார்த்தோம். அவள் எடுத்தாள், கேட்டாள், எதிர்க்கடைக்காரரைக் கூப்பிட்டு ரிசீவரைக் கொடுத்தாள். ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினிலிருந்து மீன் வண்டி கிளம்பிவிட்டதாம்.

என் முகம் விழுந்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்பத்தானே உக்காந்திருக்காரு" என்றாள். "கொஞ்சம் மூச்சு விடட்டும்."